மருந்து கட்டும் நேரத்துப் பாட்டு

காலையில் மருந்து வண்டி உருளும் சத்தம் கேட்டதும் ஸும்ராவின் வாய் உலர்ந்துவிடும். வண்டி இன்னும் ஆஸ்பத்திரி வாட்டின் மறுகோடியில்தான் நிற்கும். அவளுடைய கட்டிலுக்கு வர நேரமாகும். ஆனாலும் கைகள் தாமாகவே கட்டில் கம்பியைத் தேடிப் பிடித்துக்கொள்ளும்.

மதுரங்குளிச் சந்தியில் அவளுக்கு ஒரு வடைக் கடை இருந்தது. கணவன் ஃபைஸல் கட்டாரில் லொறி ஓட்டுகிறான். கடையை அவளே நடத்தினாள். தேவாலயங்களில் ஈஸ்டர் குண்டு வெடித்த பிறகு, முஸ்லிம் கடை என்பதால் பல வாரங்கள் பூட்டிக் கிடந்த கடையைத் திரும்பத் திறந்த அன்று அடுப்பு சரிந்து, கொதித்த எண்ணெய்த் தாச்சி அவள் மேல் கவிழ்ந்தது. வலது இடுப்பிலிருந்து முழங்கால் வரை வெந்துபோனது.

எண்ணெய் பட்ட நேரத்து வலியை அவள் மறந்துவிட்டாள். மருந்து கட்டும் வலிதான் ஒவ்வொரு நாளும் புதிதாக வந்தது. முதல் நாள் கட்டிய துணி புண்ணோடு ஒட்டிப்போயிருக்கும். சேலைன் ஊற்றி ஊறவைத்து, ஓரத்தைப் பிடித்து மெல்ல மெல்ல உரிப்பார்கள். ஊசி போட்டிருந்தாலும் அந்த ஊசிக்கும் இந்த வலிக்கும் சம்பந்தமே இல்லாததுபோல இருக்கும். ஸும்ரா கத்துவாள். வாட்டில் படுத்திருக்கும் பெண்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். தாதி ஷானிகா சிலாபத்துப் பிள்ளை, இளையவள். "கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே உரிப்பாள். 

பக்கத்துக் கட்டிலில் றோசா இருந்தாள். கற்பிட்டிப் பக்கம் கரைவலை இழுக்கிற கத்தோலிக்கக் குடும்பம். சீனி வருத்தம் என்கிற நீரிழிவால் இடது பாதத்தில் ஆறாத புண். ஸும்ராவை அந்தக் கட்டிலுக்குக் கொண்டுவந்து போட்ட நாளில், அவளுடைய தலையில் இருந்த சால்வையை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள்தான். அதற்குப் பிறகு ஒரு சொல் கதைக்கவில்லை. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஒரே மொழி. நடுவில் ஒரு சின்ன அலுமாரி. அதன் மேல் றோசாவின் செபமாலையும் ஸும்ராவின் தண்ணீர்ப் போத்தலும் ஒன்றையொன்று தொடாமல் இருந்தன.

ஒரு காலை, துணியின் ஓரத்தை ஷானிகா பிடித்ததுமே ஸும்ரா அலறினாள். றோசா சடாரென்று எழுந்து உட்கார்ந்தாள்.

"போதும்! ஒரே கத்தலா இருக்கு. உன்ர வலி உனக்கு மட்டுமா? நீ கத்தினா என்ர காலும் சேந்து குத்துது."

"உரிச்சுப் பாருங்க, அப்ப தெரியும்!" என்று ஸும்ரா அழுகையோடு திருப்பிக் கத்தினாள்.

றோசா கட்டில் விளிம்பில் கையால் தட்டினாள். பிறகு, யாரும் எதிர்பாராத விதமாக, பாடத் தொடங்கினாள். நல்ல குரல் என்று சொல்ல முடியாது. உப்பில் ஊறிய கயிறு போலக் கரகரத்தது.

"வாடைக் காத்து வீசுது,
ஏலையா ஏலோ!
வலையை விட்டாப் போகுது,
ஏலையா ஏலோ!"

கரைவலை இழுக்கும்போது படிக்கிற பாட்டு. பெண்கள் கயிறு பிடிப்பது அங்கே வழக்கமில்லை. ஆனால் ஆள் குறைந்த நாட்களில் றோசா பிடித்திருக்கிறாள். ஒருவர் அடியைப் படிப்பார். மற்றவர்கள் 'ஏலோ' சொல்லி இழுப்பார்கள். அடிக்கு மூச்சு, ஏலோவுக்கு இழுவை.

"என்னத்தப் பாத்துக்கொண்டிருக்கிறாய்? பதில் சொல்லு!" என்று றோசா அதட்டினாள். "ஏலோ எண்டு சொல்லு. கத்துறதெண்டா அதில கத்து!"

ஸும்ராவுக்கு வந்தது ஆத்திரம்தான். அந்த ஆத்திரத்தில், அடுத்த அடி முடிந்ததும், வயிற்றின் அடியிலிருந்து "ஏலையா ஏலோ!" என்று கத்தினாள். அந்த நேரம் பார்த்து ஷானிகாவின் கை துணியை இழுத்தது. அவள் திட்டமிட்டுச் செய்யவில்லை. அந்தத் தாளம் கேட்டால் யாருடைய கையும் அப்படித்தான் போகும். அடுத்த அடிக்கு நிறுத்தினாள். ஏலோவுக்கு இழுத்தாள். இப்படியே முழங்கால் வரை வந்துவிட்டார்கள்.

வலி குறைந்ததா என்று கேட்டால் ஸும்ராவுக்குச் சொல்லத் தெரியவில்லை. வலி அங்கேயேதான் இருந்தது. ஆனால் அது எப்போது வரும் என்று அவளுக்குத் தெரிந்தது. வரும்போது எறிவதற்கு அவள் வாயில் ஒரு சொல் இருந்தது. அடிக்கும் ஏலோவுக்கும் நடுவில் மூச்சு விட இடம் இருந்தது. எல்லாம் முடிந்தபோது சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. ஆனால் கம்பியைப் பிடித்திருந்த கைகள் எப்போதோ விலகி மடியில் கிடந்தன.

"நன்றி அக்கா" என்றாள்.

"உனக்காகப் படிக்கேல்ல" என்று றோசா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆனால் மறுநாளும் படித்தாள். அதற்கடுத்த நாள் கடல் அடிகள் தீர்ந்துபோய் அவள் தடுமாறியபோது, ஸும்ரா தானே ஒன்று கட்டினாள்.

"ஊசி ஒண்டு போட்டாங்க,
ஏலையா ஏலோ!
உசிர் மட்டும் மிச்சமாம்,
ஏலையா ஏலோ!"

எதிர்க்கட்டில் பெண் சிரித்துவிட்டாள். றோசா சும்மா விடவில்லை. பெரிய டொக்டர் கட்டிலுக்குத் தூரத்தில் நின்று எட்டிப் பார்ப்பதை ஒரு அடியாக்கினாள். ஸும்ரா ஆஸ்பத்திரிச் சோற்றில் உப்பில்லாததை இன்னொரு அடியாக்கினாள். மருந்து கட்டும் நேரம் ஒரு போட்டி நேரமாகிவிட்டது. ஏலோவுக்கு இப்போது பல கட்டில்களிலிருந்து குரல் வந்தது. ஸும்ரா காலையில் விழித்ததும் வண்டியின் சத்தத்தை நினைப்பதை விட்டுவிட்டு அன்றைக்கு என்ன அடி போடலாம் என்று யோசிக்கத் தொடங்கினாள்.

றோசாவின் மகன் அமல்ராஜ் அப்படி ஒரு நாள் பகல் பார்வையாளர் நேரத்தில் வந்தான். கடலில் காய்ந்த முகம், அகன்ற தோள். சோற்றுப் பொதியை அலுமாரியில் வைத்துவிட்டு, ஸும்ராவைப் பார்க்காமலே தாயிடம் சொன்னான்.

"அம்மா, நான் தாதி மிஸ்ஸோட கதைச்சிட்டன். அந்தக் கோடியில ஒரு கட்டில் இருக்காம். அங்க மாறுங்க."

"ஏன்?"

"ஏன் எண்டு கேக்கிறீங்களா? சின்னம்மாட பிள்ளை ஈஸ்டர் பூசைக்குப் போய்த் திரும்பி வரேல்ல. நீங்க இவையளோட சேந்து பாட்டுப் படிக்கிறீங்க எண்டு சனம் சொல்லுது. சின்னம்மா கேட்டா நான் என்ன சொல்ல?"

 ஸும்ரா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

றோசா சோற்றுப் பொதியை அவிழ்த்து ஒரு வாய் வைத்தாள். பிறகு, "அவளை அடக்கம் செய்யேக்க நான்தான் பெட்டியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன்" என்றாள். "எனக்கு நீ ஞாபகப்படுத்தத் தேவையில்ல. இந்தப் பிள்ளை குண்டு வைக்கேல்ல. வடை சுட்டது. நான் மாற மாட்டன்."

"அம்மா..."

"மாற மாட்டன் எண்டு சொன்னன். சோறு நல்லா இருக்கு. நீ போ."

அவன் போன பிறகு ஸும்ரா மெல்லச் சொன்னாள். "எனக்குத் தெரியாது அக்கா. ஒருத்தரும் சொல்லேல்ல."

"தெரிஞ்சா நீ என்ன செய்திருப்பாய்?"

ஸும்ரா சால்வையின் ஓரத்தை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"உன்னில எனக்குக் கோபமா இல்லையா எண்டு எனக்கே தெரியாது" என்றாள் றோசா. "சில நேரம் அந்தச் சால்வையைக் காண நெஞ்சு பத்துது. பிறகு நீ கத்துவாய். அதையும் தாங்கேலாம இருக்கு. நான் என்ன செய்ய?"

மறுநாள் காலையில் வண்டி வந்தபோது ஸும்ரா றோசாவின் பக்கம் பார்க்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஷானிகா துணியை நனைத்தாள். பக்கத்துக் கட்டிலிலிருந்து தட்டும் சத்தம் கேட்டது. முதல் அடியில் றோசாவின் குரல் இரண்டாக உடைந்தது. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினாள்.

பிரச்சினை வேறு வழியாக வந்தது. துணைக்கு நின்ற யாரோ பாட்டைக் கைபேசியில் படம் பிடித்துப் பலருக்கும் அனுப்பிவிட்டார்கள். வாட்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் ஸும்ராவின் கட்டிலருகே வந்து நின்றார். நியாயமான மனுசி என்று எல்லாரும் சொல்வார்கள். கண்டிப்பானவர்.

"இது ஆஸ்பத்திரி. கலியாண வீடில்ல. இண்டையோட பாட்டை நிப்பாட்டுங்க. முறைப்பாடு வந்திருக்கு."

"நான் கத்தேக்க முறைப்பாடு வரேல்லையா சிஸ்டர்?" என்று ஸும்ரா கேட்டாள்.

சிஸ்டர் அதை எதிர்பார்க்கவில்லை. "கத்துறது வேற. வருத்தக்காரர் கத்தத்தான் செய்வினம்."

"கத்தினா காதைப் பொத்தினாங்க. படிச்சா சிரிக்கிறாங்க. எது நல்லம்?"

"ஓப்பரேசன் முடிஞ்ச ஆக்கள் நித்திரை கொள்ளணும். எனக்கு எல்லாரையும் பாக்கணும். நிப்பாட்டுங்க."

அன்று பகல், ஸும்ரா 'நானா' என்று கூப்பிடும் அவளுடைய மூத்த சகோதரன் முபாறக் வந்தான். புத்தளத்தில் புடவைக் கடை வைத்திருப்பவன். ஃபைஸல் ஊரில் இல்லாததால் தினமும் சாப்பாடு கொண்டுவருவது அவன்தான். அன்று கதிரையில் உட்காரவில்லை.

"படம் என்ட கைக்கும் வந்திச்சு. என்ன இது ஸும்ரா? நாலு பேர் பாக்க, ஆஸ்பத்திரியில பாட்டு! மார்க்கம் எண்டு ஒண்டு இருக்கு."

"தோலை உரிக்கேக்க நான் அல்லாஹ்வைத்தான் கூப்பிடுறன் நானா. ஏலோ சொல்றது மூச்சு வாங்குறதுக்கு."

"அது உனக்குத் தெரியும். பாக்கிறவங்களுக்குத் தெரியுமா? இப்ப இருக்கிற நிலைமை தெரியாதா? ஒரு பக்கம் அவங்க முறைக்கிறாங்க. மறுபக்கம் நம்ம ஆக்கள் கேள்வி கேக்கிறாங்க. இந்த நேரத்தில நாம தலையைக் குனிஞ்சு, சத்தம் போடாம இருக்கணும்."

ஸும்ரா கண்ணை மூடினாள். 'சத்தம் போடாம' என்ற அந்த இரண்டு சொற்களும் அவளுக்குப் பழக்கமானவை. போர்க்காலத்தில் முஸ்லிம்கள் என்பதால் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டுக் கற்பிட்டிக் கரையில் வள்ளத்தால் இறங்கியபோது வாப்பா முதலில் சொன்னதும் அதுதான். முகாமில் பிள்ளைகள் சிரித்தால் உம்மா வாயைப் பொத்துவாள். பள்ளிக்கூடத்தில் அகதிப் பிள்ளைகள் பின்வரிசை வாங்கில் சத்தமில்லாமல் இருக்க வேண்டும். கடை போட்டபோதும் அப்படித்தான். குண்டு வெடித்த பிறகு கேட்கவே தேவையில்லை. பேருந்தில், தெருவில், சொந்த வீட்டுக்குள்கூட மெதுவாக.

"சத்தம் போடாதே, நாம வந்த சனம்" என்றாள் கண்ணைத் திறந்து. "வாப்பா சொன்னது ஞாபகமா? அப்ப எனக்குப் பதினொரு வயசு. இப்ப நாப்பது. இன்னும் எவ்வளவு காலத்துக்கு நானா நான் மெதுவாக் கதைக்கிறது? என்ட தோல் உரியேக்கயும் மெதுவாவா?"

முபாறக் சாப்பாட்டை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அடுத்த நாள் அவள் சிஸ்டரின் சொல்லைக் கேட்டாள். நியாயம் அவர் பக்கமும் கொஞ்சம் இருந்ததே என்ற எண்ணம். துவாயை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். துணி எப்போது இழுபடும் என்று தெரியாமல் உடம்பு முழுதும் கல்லாக இறுகியது. பாதியில் வாந்தி எடுத்தாள். ஷானிகா துடைத்துவிட்டாள். "நேத்தையவிட இண்டைக்குக் கூட நேரம் எடுக்குது" என்றாள் யாருக்கும் சொல்லாததுபோல. றோசா எழுந்து உட்கார்ந்து, வாயை இறுக்கி மூடிக்கொண்டு, விரலால் மட்டும் கட்டிலில் தட்டிக்கொண்டிருந்தாள். அது போதவில்லை.

மறுநாள் வண்டி வாட்டுக்குள் நுழைந்ததும் ஸும்ரா எழுந்து உட்கார்ந்தாள். யாரும் தொடங்கும் வரை அவள் காத்திருக்கவில்லை.

"சத்தம் போடாதே எண்டாங்க,
ஏலையா ஏலோ!
சத்தம்தானே என் மருந்து,
ஏலையா ஏலோ!"

முதல் ஏலோவை அவளே சொன்னாள். இரண்டாவது ஏலோ றோசாவின் கட்டிலிலிருந்து வந்தது. மூன்றாவதுக்கு முழு வாட்டும் சேர்ந்தது. சிஸ்டர் தன் மேசையை விட்டு எழுந்து விறுவிறுவென்று வந்தார். ஷானிகாவின் கை நின்றது.

"என்ன நான் சொன்னன்?"

"விளங்கிச்சு சிஸ்டர்" என்றாள் ஸும்ரா. "நேத்துக் கேட்டு நடந்தன். ஏலாது. எனக்கு ஏசுங்க, ஷானிகா மிஸ்ஸுக்கு ஏசாதீங்க. வாட்டை மாத்துங்க, வீட்டுக்கு அனுப்புங்க. இங்க இருக்கிற வரைக்கும் நான் படிப்பன்."

 கோடிக் கட்டிலில், முந்தின நாள் ஓப்பரேசன் செய்துகொண்ட ஒரு பெண், தலையை உயர்த்தாமலே சிங்களத்தில் ஏதோ சொன்னாள். ஷானிகா மெல்லிய குரலில் மொழிபெயர்த்தாள். "நித்திரை இல்லாட்டிப் பரவாயில்லையாம். படிக்கட்டுமாம்."

சிஸ்டர் உதவிக்கு நின்ற பரிசாரகியைப் பார்த்து, "அந்தக் கதவைச் சாத்துங்க. மற்ற வாட்டுக்குக் கேக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். சரி என்றும் சொல்லவில்லை, சரியில்லை என்றும் சொல்லவில்லை.

றோசாவின் பாதம் அவளைக் கைவிட்டுக்கொண்டே வந்தது. விரல்கள் கறுத்தன. கடைசியில் டொக்டர் அருகில் வந்து, இந்தத் தடவை தூரத்தில் நிற்காமல், பாதத்தில் பாதியை எடுக்காவிட்டால் கால் முழுதும் போகும் என்று சொன்னார். றோசா தலையாட்டினாள். அதன் பிறகு செபமாலையைக் கையில் எடுத்தவள் கீழே வைக்கவில்லை.  மருந்து கட்டும் நேரத்தில் உதடு மட்டும் அசைந்தது.

ஓப்பரேசன் தியேட்டருக்குக் கொண்டுபோகத் தள்ளுவண்டி வந்தபோது றோசாவுக்குப் பல் கிட்டிக்கொண்டது. "வேண்டாம், நாளைக்குச் செய்யலாம், மகன், நாளைக்கு" என்று அமல்ராஜின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பெரிய உடம்புக்காரனான அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "ஒண்டுமில்லம்மா, ஒண்டுமில்லம்மா" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னான்.

ஸும்ரா கட்டிலிலிருந்து காலை இறக்கினாள். எழுந்து நின்றாலே தொடைத் தோல் கிழிவதுபோல இழுக்கும். தோல் ஒட்டும் ஓப்பரேசனுக்கு அவளுக்கும் நாள் குறித்திருந்தார்கள். நடக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். சால்வையைச் சரிசெய்துகொண்டு தள்ளுவண்டியின் கம்பியைப் பிடித்தாள்.

"எங்க போறீங்க?" என்று ஷானிகா பதறினாள்.

"தியேட்டர் வாசல் மட்டும்."

"சிஸ்டர் பேசுவா."

"பேசட்டும்."

வண்டி நகர்ந்தது. வாட்டுக் கதவைத் தாண்டி, கிளினிக்குக்கு வந்த சனம் வரிசையாக நிற்கிற நீண்ட நடைபாதைக்கு வந்தது. அங்கே தொப்பி போட்டவர்கள் இருந்தார்கள், சிலுவை மாலை போட்டவர்கள் இருந்தார்கள், காக்கிச் சட்டைக் காவலாளியும் இருந்தான். ஸும்ரா நொண்டிக்கொண்டே றோசாவின் தலைமாட்டில் நடந்தாள். கம்பியில் விரலால் தட்டினாள்.

"கரை தெரியுது பார் அக்கா,
ஏலையா ஏலோ!
கயிறை மட்டும் விடாதே,
ஏலையா ஏலோ!"

நடைபாதையில் எல்லா முகமும் திரும்பியது. யாரோ ஒருவன் சிரித்தான். ஒரு கிழவர் "என்ன அநியாயம்" என்றார். ஸும்ரா இன்னும் உரக்கப் படித்தாள். கால் எரிந்தது. எரிச்சலையும் குரலில் போட்டாள். றோசா கண்ணை மூடியபடி கிடந்தாள். கிட்டியிருந்த பற்களுக்கு நடுவே, வெகுநேரம் கழித்து, ஒரு ஏலோ காற்றாக வெளியே வந்தது. பிறகு இன்னொன்று.

சனம் வேடிக்கை பார்க்க நெருங்கி வந்து வழியை அடைத்தது. வண்டி நின்றது. அமல்ராஜ் முன்னால் பாய்ந்தான். ஸும்ரா அவன் தன்னைத்தான் விலக்கப்போகிறான் என்று நினைத்தாள். அவன் இரண்டு கையையும் விரித்து, "வழி விடுங்கோ! அவ படிக்கட்டும், வழி விடுங்கோ!" என்று சனத்தைத் தள்ளிக்கொண்டு முன்னே நடந்தான். தியேட்டர் கதவு மூடும் வரை ஸும்ரா நிறுத்தவில்லை. கதவு மூடிய பிறகுதான் சுவரில் சாய்ந்தாள். அமல்ராஜ் ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து அவளுக்குப் பக்கத்தில் வைத்தான்.  அவள் அதில் உட்கார்ந்தாள்.

பாதி பாதம் போனாலும் றோசாவின் கால் தப்பியது. ஸும்ராவுக்கு மறு தொடையிலிருந்து எடுத்து ஒட்டிய தோல் பிடித்துக்கொண்டது. முதலில் வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னது ஸும்ராவுக்குத்தான்.

முபாறக் ஓட்டோ ஒன்றோடு வந்தான். பாட்டுப் பற்றிய பேச்சுக்குப் பிறகு அவன் சாப்பாடு கொண்டுவரத் தவறியதில்லை. ஆனால் அதிகம் கதைத்ததும் இல்லை. பையைத் தூக்கிக்கொண்டான். "பின் வாசலால போவம். அங்க ஆக்கள் குறைவு" என்றான்.

"கொஞ்சம் பொறுங்க நானா. அவவுக்கு மருந்து கட்டுற நேரம்."

வண்டி றோசாவின் கட்டிலருகே நின்றிருந்தது. ஷானிகா கட்டை அவிழ்க்கத் தொடங்கியிருந்தாள். றோசா வெட்டிய பாதத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தபடி கெட்ட வார்த்தையால் கடலையும் டொக்டரையும் சீனியையும் திட்டிக்கொண்டிருந்தாள். ஸும்ரா கட்டிலில் உட்கார்ந்து, அவளுடைய முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"ஏசுறதெண்டா தாளத்தோட ஏசுங்க அக்கா."

அடியைத் தொடங்கினாள். றோசா ஏலோவுக்குப் பதிலாக ஒரு கெட்ட வார்த்தையைச் சரியான இடத்தில் போட்டாள். வாட்டே சிரித்தது. ஷானிகாவும் சிரித்தாள், ஆனால் கை பிசகவில்லை. சிஸ்டர் மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை. வாட்டின் கதவு அகலத் திறந்திருந்தது. அதை மூடச் சொல்லி அவர் யாரையும் கூப்பிடவில்லை.

கதவருகே முபாறக் பையோடு நின்றான். நடைபாதையில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவனைத் தெரிந்த ஒருவர் நின்று, உள்ளே கேட்கும் குரல் யாருடையது என்று கேட்டார்.

"என்ட தங்கச்சி" என்றான்.

ஓட்டோக்காரன் பொறுமையிழந்து உள்ளே வந்து, போகலாமா என்று கேட்டான். முபாறக் பையைத் தரையில் வைத்தான்.

"கொஞ்சம் நில்லு" என்றான். "இன்னும் முடியேல்ல."